ஒரே பெயரில் இரண்டு படைவீரர்கள்: வட கரோலினா குடும்பம் ஒன்றின் முன்னோர் தேடல்

பின்னணி

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், பீட்மாண்ட் எனப்படும் நடுப்பகுதியைச் சேர்ந்த குடும்பம் இது. ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தங்கள் எல்லாம் பழைய தேவாலய வளாகத்தில் கூடிச் சாப்பிடுவார்கள். அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் 1899-இல் இறந்த முன்னோர் ஒருவர் அடக்கமாகியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) அவர் கான்ஃபெடரேட் படையில், அதாவது அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படையில் இருந்தவர். கல்லில் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் மட்டுமே உண்டு.

அந்தக் கல்லறைக்கு ஒரு வெண்கலப் பட்டயம் வைக்கக் குடும்பக் குழு முடிவு செய்தது. எழுத வேண்டிய வாசகமும் தயாராக இருந்தது: தானே முன்வந்து படையில் சேர்ந்தவர், 1865 ஏப்ரல் 9 அன்று வர்ஜீனியாவின் அப்போமாட்டக்ஸில் கான்ஃபெடரேட் தளபதி ஜெனரல் லீ சரணடையும் வரை களத்தில் நின்றவர். வார்ப்புப் பட்டறைக்கு அனுப்புவதற்கு முன், ஆதாரமாகச் சேவைப் பதிவின் நகலைக் கோப்பில் வைக்கலாம் என்று குழுவின் செயலாளர் நினைத்தார். தேடல் அங்கிருந்துதான் தொடங்கியது. குடும்பத்தின் பெயரும் கவுண்டியின் (மாவட்டத்தின்) பெயரும் ரெஜிமென்ட் (படைப்பிரிவு) எண்ணும் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

குடும்பம் சொல்லிவந்த கதை

கதையை வைத்திருந்தவர் செயலாளரின் அத்தை. வயது எண்பதுக்கு மேல். படைவீரரின் மகள்தான் அவருடைய பாட்டி. சிறுமியாக இருந்தபோது பாட்டி வாயால் கேட்டதையே அவர் சொல்லிவந்தார். கதையில் ஐந்து செய்திகள் இருந்தன. கொள்ளுத் தாத்தா விரும்பிப் போருக்குப் போனார். கடைசி நாள் வரை இருந்தார். செருப்பில்லாமல் நடந்தே வீடு வந்தார். வந்து சேர்ந்த அன்று வீட்டில் பன்றி அறுத்துக்கொண்டிருந்தார்கள். இறந்து கிடந்த வடதரப்பு அதிகாரி ஒருவரின் கோட்டிலிருந்து பித்தளைப் பொத்தான் ஒன்றை அறுத்து எடுத்து வந்தார். அந்தப் பொத்தான் அத்தையின் மேசை இழுப்பறையில், மருந்து டப்பா ஒன்றில் பஞ்சு சுற்றி இன்னும் இருக்கிறது.

முதல் தேடலும் முதல் பிழையும்

கான்ஃபெடரேட் வீரர்களின் தொகுக்கப்பட்ட சேவைப் பதிவுகள் வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில், 109-ஆம் தொகுதியில் உள்ளன. 1903 முதல் போர்த்துறை எழுத்தர்கள் மஸ்டர் ரோல் எனப்படும் படைவீரர் வருகைப் பட்டியல், சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவேடு, சிறைப் பதிவேடு என எல்லாவற்றையும் புரட்டி, ஒருவரின் பெயர் வந்த இடத்துக்கெல்லாம் ஓர் அட்டை எழுதினார்கள். ஒருவருடைய அட்டைகள் எல்லாம் ஓர் உறைக்குள் சேர்க்கப்பட்டன. வட கரோலினாவுக்கான மைக்ரோஃபிலிம் எண் எம்270. ஃபோல்ட்3 தளத்தில் அதன் படங்கள் கிடைக்கின்றன.

செயலாளர் பெயரைத் தட்டினார். அதே மாவட்டத்து ரெஜிமென்டில் அதே பெயர் வந்தது. உறைக்குள் அப்போமாட்டக்ஸ் பரோல் அட்டையும் இருந்தது, அதாவது அங்கே சரணடைந்து, இனிப் போரிடுவதில்லை என்ற வாக்குறுதியில் விடுவிக்கப்பட்டதற்கான பதிவு. கதை நிரூபணமாகிவிட்டது என்று எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது.

கவுண்டி நூலகத்தில் வம்சாவளிப் பிரிவைக் கவனிக்கும் பெண்மணிதான் முதலில் சந்தேகப்பட்டவர். முன்னோரின் பிறந்த ஆண்டு கல்லறைக் கல்லின்படி 1835. அந்த உறையில் இருந்த அட்டையோ, 1862-இல் சேர்ந்தவருக்கு வயது 18 என்றது. வயதைக் கூட்டியும் குறைத்தும் சொல்வது அக்காலத்தில் சாதாரணம்தான், ஆனால் எட்டு ஒன்பது ஆண்டு வித்தியாசம் சாதாரணமல்ல. அவர் ரெஜிமென்டின் பட்டியலை மீண்டும் பார்த்தார். அதே பெயரில், வேறொரு கம்பெனியில் (ரெஜிமென்டின் உட்பிரிவில்), இன்னொருவர் இருந்தார். நடுப்பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் போட்டிருந்ததால் முதல் தேடலில் அந்தப் பெயர் கீழே தள்ளப்பட்டுவிட்டது.

தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கம் அங்கும் உண்டு. அண்ணன் தம்பி இருவரும் தத்தம் மகனுக்குத் தம் தந்தையின் பெயரையே வைத்திருந்தார்கள். இருவரும் பங்காளிகள், பக்கத்துப் பக்கத்து நிலம். இனி 1835-இல் பிறந்தவரை மூத்தவர் என்றும், பெரியப்பா மகனான மற்றவரை இளையவர் என்றும் குறிப்போம்.

இரண்டாவது உறை

மூத்தவரின் உறையை இதற்கு முன்பே உறவினர் ஒருவர் தரவிறக்கி வைத்திருந்தார். அதில் 11 அட்டைகளின் படங்கள் இருந்தன. 1863 அக்டோபரில் சிறைப்பட்டார் என்பதோடு அந்தத் தொகுப்பு நின்றுவிட்டது. பிறகு கைதிப் பரிமாற்றத்தில் திரும்பி வந்திருப்பார், மீண்டும் சண்டையிட்டிருப்பார் என்று குடும்பத்தினர் தாங்களாகவே நிரப்பிக்கொண்டார்கள்.

இங்கே ஒரு சின்னச் சரிபார்ப்பு எல்லாவற்றையும் மாற்றியது. சேவை உறையின் முகப்பில் பெயர், சேர்ந்தபோதும் விலகியபோதும் இருந்த தரநிலை ஆகியவற்றுக்குக் கீழே அட்டை எண்களின் பட்டியல் இருக்கும். தனித் தாள்கள் எத்தனை என்பதற்கும் ஓர் இடம் உண்டு. அந்த எண்களை எண்ணி, கையில் உள்ள படங்களோடு ஒப்பிட வேண்டும். முகப்பில் 12 எண்கள் இருந்தன, படங்கள் 11. கடைசி அட்டையைச் சேமிக்கத் தவறியிருந்தார்கள். உறைக்குள் அது எப்போதும் இருந்தது.

பன்னிரண்டாவது அட்டை, மேரிலாந்தின் பாயின்ட் லுக்அவுட் சிறைமுகாமின் பதிவேட்டிலிருந்து எழுதப்பட்டது. வாஷிங்டன் ஓல்டு கேப்பிட்டல் சிறையிலிருந்து வந்தவர் என்றும், 1864 ஜனவரியில் விடுவிக்கப்பட்டவர் என்றும் அதில் இருந்தது. குறிப்புப் பத்தியில் ஒரே வரி: ஐக்கிய அமெரிக்கப் படையில் சேர்ந்தார்.

மற்ற அட்டைகளையும் இந்த வெளிச்சத்தில் மறுபடி வாசித்தார்கள். சேர்ந்த இடம் ராலே அருகே இருந்த கேம்ப் ஹோம்ஸ், காலம் 1862 கோடை. கேம்ப் ஹோம்ஸ் என்று கண்டால் நிதானிக்க வேண்டும். அது கட்டாய ஆள்சேர்ப்புக்கான முகாம். 1862 ஏப்ரல் 16 சட்டம் 18 முதல் 35 வயது வரையுள்ள வெள்ளை ஆண்களைப் படைக்குக் கடமைப்பட்டவர்களாக்கியது. அட்டையில் எல்லோருக்கும் ‘சேர்ந்தார்’ என்ற ஒரே அச்சுச் சொல்தான். விரும்பிச் சேர்ந்தவரா, பிடித்துச் சேர்க்கப்பட்டவரா என்பதை இடமும் தேதியும்தான் காட்டிக்கொடுக்கும். அதன்பின் ரிச்மண்டின் சிம்பொராசோ மருத்துவமனையில் வயிற்றுப்போக்குக்காகச் சில வாரங்கள். 1863 அக்டோபர் 14, வர்ஜீனியாவின் பிரிஸ்டோ ஸ்டேஷன் சண்டை. ரயில்பாதைக் கரைக்குப் பின்னால் மறைந்திருந்த வடதரப்புப் படையின் முன் வட கரோலினாப் படையணிகள் நேராகப் போய் மாட்டிக்கொண்டன. நூற்றுக்கணக்கானோர் அன்று சிறைப்பட்டார்கள். மூத்தவர் அவர்களில் ஒருவர்.

அவரேதான் என்று எப்படி உறுதி செய்தார்கள்

ஒரு வரிக் குறிப்பை வைத்து ஒரு மனிதரின் கதையை மாற்றிவிடக் கூடாது. சிறைமுகாம் எழுத்தர் பெயரை மாற்றிப் போட்டிருக்கலாம். 1900-களில் அட்டை எழுதியவர் இளையவரின் தாளை மூத்தவரின் உறையில் போட்டிருக்கலாம். எனவே, வேறு அலுவலகத்தில் வேறு காரணத்துக்காக எழுதப்பட்ட ஆவணம் தேவைப்பட்டது.

அது எம்1017 என்ற இன்னொரு மைக்ரோஃபிலிம் தொகுப்பில் கிடைத்தது. சிறையிலிருந்து வடதரப்பில் சேர்ந்த முன்னாள் கான்ஃபெடரேட் வீரர்களைக் கொண்டு 1864 முதல் ஆறு ரெஜிமென்ட்கள் அமைக்கப்பட்டன. ஐக்கிய அமெரிக்கத் தன்னார்வக் காலாட்படை, 1 முதல் 6 வரை. மக்கள் வழக்கில் ‘கால்வனைஸ்டு யாங்கி’ என்றார்கள். யாங்கி என்றால் வடமாநிலத்தவர்; மேலே மட்டும் துத்தநாகம் பூசிய இரும்பு போல, பூச்சில் மட்டும் வடமாநிலத்தவர் என்று பொருள். இவர்களின் பதிவுகள் தனி ஃபிலிம் தொகுப்பாக உள்ளன. வட கரோலினா என்று வடிகட்டித் தேடினால் இது கண்ணில் படாது. பல குடும்பங்களின் தேடல் சிறைமுகாமோடு நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் ரெஜிமென்டின் உறையில் மூத்தவரின் அங்க அடையாளங்கள் இருந்தன: வயது 28, விவசாயி, உயரம், கண் நிறம், பிறந்த ஊர் அதே கவுண்டி. கையெழுத்து இடத்தில் எக்ஸ் குறி. கான்ஃபெடரேட் உறையிலிருந்த சம்பள ரசீதிலும் அவர் எக்ஸ் குறிதான் போட்டிருந்தார். இளையவரோ உடுப்பு வாங்கிய ரசீதில் தன் முழுப் பெயரையும் சாய்வெழுத்தில் எழுதியிருந்தார். வயது, தொழில், பிறந்த இடம் மூன்றும் இரு பங்காளிகளுக்கும் ஓரளவு பொருந்திப் போகலாம். எழுதத் தெரியாதவர் திடீரென்று எழுதத் தெரிந்தவராவது கடினம்.

இளையவரின் தடமும் தேடப்பட்டது. இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒருவர் யார் என்று நிறுவ, அவரோடு குழம்பக்கூடிய மற்றவர் எங்கே போனார் என்றும் காட்ட வேண்டும். கான்ஃபெடரேட் பென்ஷனை மத்திய அரசு அன்று தரவில்லை, மாநிலங்கள் தந்தன. போரிட்ட மாநிலத்தில் தேடிப் பயனில்லை, விண்ணப்பித்தபோது குடியிருந்த மாநிலத்தில்தான் தேட வேண்டும். இளையவர் 1870-களில் ஆர்கன்சாவுக்குக் குடிபெயர்ந்திருந்தார். அந்த மாநிலம் 1891 முதல் பென்ஷன் தந்தது. அவருடைய விண்ணப்பத்தில் கம்பெனி எழுத்தும் அப்போமாட்டக்ஸ் பரோலும் தெளிவாக இருந்தன. 1910 கணக்கெடுப்பிலும் கான்ஃபெடரேட் படையில் இருந்து உயிரோடிருப்பவர் என்ற குறி அவர் பெயருக்கு நேரே இருந்தது. மூத்தவர் இறந்து அப்போது பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆக, சரணடையும் வரை நின்றவர் இளையவர்.

கதையில் எது நின்றது

இந்தக் கட்டத்தில் கதையைப் பொய் என்று ஒதுக்கிவிட்டு ஆவணத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சிலர் விரும்பினார்கள். அது இரண்டாவது பெரிய பிழையாக முடிந்திருக்கும்.

அத்தையிடம் நூலகப் பெண்மணி நேரில் போய்க் கேட்டார். “பன்றி அறுத்த நாளில் வந்தார்னு பாட்டி எத்தனையோ தடவை சொல்லியிருக்கா. அதை மட்டும் மாத்தாதீங்க” என்றார் அத்தை. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் பன்றி அறுப்பது உறைபனி இறங்கிய பிறகுதான். நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ அறுத்து, உப்பிட்டு, புகையறையில் தொங்கவிடுவார்கள். வெயில் காலத்தில் அறுத்தால் உப்பு உள்ளே இறங்குவதற்குள் எலும்போரம் இறைச்சி கெட்டுவிடும். அப்போமாட்டக்ஸிலிருந்து ஏப்ரலில் கிளம்பியவர் நடந்தே வந்தாலும் இரண்டு மூன்று வாரத்தில் அந்தக் கவுண்டியை எட்டிவிடுவார். ஏப்ரலில் எந்தப் பண்ணையிலும் பன்றி அறுக்கமாட்டார்கள்.

முதல் ரெஜிமென்டின் வரலாறு இதை விளக்கியது. கைதியாகப் பிடிபட்டால் கான்ஃபெடரேட்கள் இவர்களைத் துரோகிகளாகச் சுட்டுவிடுவார்கள் என்பதால், 1864 ஆகஸ்டில் வடதரப்புத் தளபதி ஜெனரல் கிராண்ட் இவர்களை மேற்கெல்லைக்கு அனுப்பினார். ஆறு கம்பெனிகள் மிசௌரி ஆற்றில் படகேறி, நீர் வற்றிய இடத்தில் இறங்கி நடந்து, அக்டோபரில் டகோட்டாவின் ரைஸ் கோட்டையை அடைந்தன. சூ என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில் அந்த ஜூலையில்தான் எழுப்பப்பட்ட கோட்டை அது. அந்தக் குளிர்காலத்தில் காய்கறி இல்லாமல் ஸ்கர்வி நோயில் பலர் இறந்தார்கள். மூத்தவரின் கம்பெனி 1865 நவம்பர் இறுதியில் கேன்சஸின் லெவன்வொர்த் கோட்டையில் கலைக்கப்பட்டது. அங்கிருந்து வீடு வந்தால் டிசம்பர். பன்றி அறுக்கும் காலம்.

பிறகு பொத்தானைப் பார்த்தார்கள். பஞ்சை விலக்கிப் பூதக்கண்ணாடி வைத்தபோது, சிறகு விரித்த கழுகும் அதன் மார்பில் கோடிட்ட கேடயமும் தெரிந்தன. கேடயத்தில் எழுத்து ஏதும் இல்லை. வடதரப்பில் காலாட்படை அதிகாரியின் பொத்தானாக இருந்தால் கேடயத்தில் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்திருக்கும். எழுத்தில்லாத, கோடிட்ட கேடயம் சாதாரணச் சிப்பாய்க்கு உரியது. போருக்குப் பின் இத்தகைய கோட்டுகள் மலிவாக விற்கப்பட்டதால், பொத்தான் தனியாக எதையும் நிரூபிக்காது. ஆனாலும் இறந்த அதிகாரியின் பொத்தான் அது அல்ல என்பது உறுதி. அவருடைய சொந்தக் கோட்டிலிருந்தே வந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

குடும்பக் கதைகளில் இப்படித்தான் நடக்கிறது என்பது எங்கள் அனுபவம். பொருளும் பருவமும் பசியும் அப்படியே தங்கிவிடுகின்றன. அவற்றுக்குச் சொல்லப்படும் காரணம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது.

கதை எங்கே மாறியது என்பதற்கும் ஒரு தடயம் உண்டு. 1901 பென்ஷன் சட்டத்தின் கீழ் மூத்தவரின் மனைவி விதவையர் பென்ஷன் கேட்டிருந்தார். படையை விட்டு ஓடியவர்களின் மனைவியருக்கு அதில் இடமில்லை. விண்ணப்பத்தில் ‘சரணடையும் வரை பணியாற்றினார்’ என்று இருந்தது. பக்கத்து நிலத்துக்காரர்கள் இருவர் சாட்சி. பென்ஷன் கிடைத்தது. பங்காளியின் பதிவு கணவருடையதாகக் கருதப்பட்டதா, மனைவியே அப்படி நம்பினாரா என்பது அந்தத் தாளிலிருந்து தெரியவில்லை. எனவே குழு அதைப் பற்றித் தீர்ப்பு எதுவும் எழுதவில்லை. விண்ணப்பத்தின் நகலை மட்டும் சேர்த்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

பட்டய வேலை நிறுத்தப்பட்டது. ஏன் வடதரப்பில் சேர்ந்தார் என்று எழுதுவதா என்பதில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. ஒரு கிளையினர் பசியால் என்றார்கள். இன்னொரு கிளையினர், அவர் ஆரம்பம் முதலே பிரிவினையை விரும்பாதவர் என்றார்கள். அந்தப் பகுதியில் குவேக்கர்களும் (போரையும் அடிமை முறையையும் எதிர்த்த கிறித்தவப் பிரிவினர்) வடதரப்பு ஆதரவாளர்களும் நிறைய இருந்தது உண்மை. பாயின்ட் லுக்அவுட்டில் கைதிகள் கூடாரங்களில் இருந்ததும், அங்கே 3,000-க்கு மேற்பட்டோர் இறந்ததும் உண்மை. கறுப்பினச் சிப்பாய்களைப் போர்க்கைதிகளாக ஏற்கக் கான்ஃபெடரேட் அரசு மறுத்ததால் 1863-லிருந்து கைதிப் பரிமாற்றம் முடங்கிக் கிடந்தது. எழுதத் தெரியாத இந்த மனிதர் தன் காரணத்தை எங்கும் விட்டுச் செல்லவில்லை. ஆகவே சூழலை எழுதி, காரணத்தை எழுதாமல் விடுவது என்று முடிவானது. அது சரியான முடிவு.

‘தானே முன்வந்து’ என்ற சொற்களும் நீக்கப்பட்டன. கேம்ப் ஹோம்ஸ் வழியாகப் போனவரைப் பற்றி அப்படிச் சொல்ல ஆதாரமில்லை.

‘நம் வீட்டில் அடிமைகள் இருந்ததில்லை’ என்ற நெடுநாள் பேச்சையும் சரிபார்த்தார்கள். 1860 கணக்கெடுப்பின் அடிமைகள் அட்டவணையில் மூத்தவரின் தந்தை பெயர் இல்லை. பெரியப்பாவின் பெயர் இருந்தது. அதன் கீழ் நான்கு வரிகள். வயது, பால், நிறம் மட்டும். பெயர்கள் இல்லை, ஏனென்றால் அந்தப் படிவத்தில் பெயருக்குப் பத்தியே கிடையாது. அந்த நால்வரைப் பற்றியும் குடும்பத் தொகுப்பில் எழுதுவது என்று குழு ஒரு வாக்கு வித்தியாசத்தில் தீர்மானித்தது.

விளைவு

புதிய பட்டயத்தில் உள்ள வாசகம் சுருக்கமானது. பெயர், ஆண்டுகள், விவசாயி. 1862-இல் வட கரோலினாவின் கான்ஃபெடரேட் காலாட்படையில் சேர்க்கப்பட்டார். 1863 அக்டோபர் 14 பிரிஸ்டோ ஸ்டேஷனில் சிறைப்பட்டார். 1864–1865 ஐக்கிய அமெரிக்கத் தன்னார்வக் காலாட்படை முதல் ரெஜிமென்ட், ரைஸ் கோட்டை. சின்னமோ கொடியோ எதுவும் இல்லை. இரு குடும்பங்கள் அந்த ஆண்டு ஒன்றுகூடலுக்கு வரவில்லை. ஒரு குடும்பம் மறு ஆண்டு வந்தது. ஆர்கன்சாவில் வாழும் இளையவரின் வழித்தோன்றல்களுக்கு அவருடைய உறையின் நகலும் பென்ஷன் விண்ணப்பமும் அனுப்பப்பட்டன. அவர்கள் கையில் அதுவரை ஒன்றுமே இருக்கவில்லை.

மாற்றியிருக்க வேண்டியவை

பெரிய தவறு ஆவணத்தில் நடக்கவில்லை, அத்தையிடம் நடந்தது. பன்னிரண்டாவது அட்டையின் செய்தி எல்லோருக்கும் ஒரே மின்னஞ்சலில் போனது. எண்பது வயதைத் தாண்டியவர் அதைப் பேரனின் கைபேசியில் படித்தார். மூன்று வாரம் யாரிடமும் பேசவில்லை. முதலில் அவரிடம் நேரில் போய், கதையை அவர் சொல்லும் சொற்களிலேயே ஒலிப்பதிவு செய்து, அதன் பிறகு ஆவணத்தைக் காட்டியிருக்க வேண்டும். அவர் மனம் நோகாமல் இருந்திருக்கும் என்பதோடு, தேடலுக்கும் அதுவே நல்லது: முடிவு தெரிந்தபின் கேட்கப்படும் கதை முடிவுக்கேற்ப வளைந்துவிடுகிறது. பன்றி அறுத்த செய்தியை முன்பே குறித்திருந்தால், அப்போமாட்டக்ஸ் என்ற முதல் மின்னஞ்சலே போயிருக்காது.

தேடலின் வரிசையும் மாற வேண்டும். முதலில் 1850, 1860, 1870 கணக்கெடுப்புகளில் அந்தக் கவுண்டியில் அதே பெயருள்ள ஆண்கள் அனைவரையும் வயதோடு பட்டியலிட வேண்டும். அதன் பிறகே சேவைப் பதிவுக்குப் போக வேண்டும். பெயர் முழுதாகவும், முதலெழுத்துகளாகவும், ஒலிக்கேற்ற எழுத்து மாற்றங்களோடும் தேட வேண்டும். உறையின் முகப்பு எண்களை எண்ண வேண்டும். 1864 இறுதிக்குப் பின் மஸ்டர் ரோல்கள் பல தொலைந்துவிட்டன. அந்த மாதங்களில் அட்டை இல்லாததை ஓடிவிட்டார் என்றோ கடைசி வரை நின்றார் என்றோ படிக்கக் கூடாது.

பெரியப்பாவிடம் அடிமைகளாக இருந்த அந்த நால்வரின் பெயர்களைத் தேடும் வேலை இன்னும் முடியவில்லை. 1870 கணக்கெடுப்பில், விடுதலைக்குப் பின் முதன்முறையாகப் பெயரோடு எழுதப்பட்டவர்களில், அதே குடும்பப் பெயர் கொண்ட ஒரு கறுப்பினக் குடும்பம் பெரியப்பாவின் நிலத்துக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறது. வயதுகளில் இரண்டு பொருந்துகின்றன. அது போதாது. அடிமைத்தனத்தில் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்கள் தம் உறவைப் பதிவு செய்ய வட கரோலினா 1866-இல் சட்டம் இயற்றியது. அந்தக் கவுண்டியின் பதிவேட்டை நூலகப் பெண்மணி இப்போது பக்கம் பக்கமாக வாசித்துவருகிறார். அத்தை வாரம் ஒரு முறை நூலகத்துக்குப் போய், அவர் வாசிக்கும் பெயர்களைத் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார்.